நிதி திரட்டும் வாரங்களுக்கு மாற்று வழிகள்: நேயர்களின் நன்கொடையில் நடக்கும் அமெரிக்க வானொலிகள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நிலையம் ஆண்டுக்கு மூன்று முறை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு நன்கொடை கேட்கிறது. இதை அடியோடு கைவிடலாமா?

பதில்: அடியோடு கைவிடச் சொல்ல மாட்டேன், பெருமளவு குறைக்கலாம் என்று உறுதியாகச் சொல்வேன். 1949இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கே.பி.எஃப்.ஏ. வானொலி நிலையத்தைத் தொடங்கிய லூயிஸ் ஹில், கேட்கக்கூடிய மக்களில் 2 சதவீதத்தினர் சந்தா செலுத்தினாலே ஒரு நிலையம் தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிட்டார். அவர் நம்பியது சந்தாவைத்தான். மாதம் 10 டாலர் தானாகவே வரும்படி ஏற்பாடு செய்துகொண்ட நேயர் ஆண்டுக்கு 120 டாலர் தந்துவிடுகிறார். அதே தொகையை ஒரே தவணையில் கேட்டால் பலரும் தயங்குவார்கள். ஆகவே, முதல் முயற்சி மாத நன்கொடையாளர்களைப் பெருக்குவதாகவே இருக்கட்டும்.

கேள்வி: மாத நன்கொடையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்களே?

பதில்: அவர்களில் பலர் நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்துவதில்லை. கடன் அட்டை காலாவதியாகியிருக்கும், அல்லது தொலைந்துபோய்ப் புதிய எண்ணுடன் வந்திருக்கும். நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில், பணம் வராமல் திரும்பியவர்களின் பட்டியலை மாதக்கணக்கில் யாரும் பார்க்கவே இல்லை. பிறகு நானும் ஒரு தன்னார்வலரும் மாலை நேரங்களில் அமர்ந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தோம். “நான் இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பதாகத்தானே நினைத்தேன்” என்று ஒரு மூதாட்டி மனம் வருந்திச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. இயன்றவரை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் வரும்படி கேளுங்கள். கணக்கு எண் அட்டையைப் போல அடிக்கடி மாறுவதில்லை. தவணை தவறிய அதே வாரத்தில் ஒருவர் அழைத்துப் பேசுவதற்கு ஈடான கடிதம் எதுவும் இல்லை.

கேள்வி: உள்ளூர் வணிகர்களிடம் விளம்பரம் வாங்கலாமா?

பதில்: வணிக நோக்கமற்ற உரிமம் பெற்ற நிலையம் விளம்பரம் ஒலிபரப்பக் கூடாது, ஆனால் ஆதரவாளரின் பெயரைச் சொல்லி நன்றி கூறலாம். கடையின் பெயர், இருக்கும் இடம், அங்கு விற்கும் பொருள் ஆகியவற்றை நடுநிலையாகக் குறிப்பிடுவதை, ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. அனுமதிக்கிறது. விலையைச் சொல்வதும், “இன்றே வாருங்கள்” என்று அழைப்பதும், பிற கடைகளைவிடச் சிறந்தது என்பதும் விதிமீறல். அறிவிப்பின் வாசகத்தை வணிகரிடம் விடாமல் நிலையமே எழுதுவது நல்லது.

கேள்வி: பழைய கார்களை நன்கொடையாகப் பெறுவது பயன் தருமா?

பதில்: தரும், ஆனால் காரை விற்றுத் தரும் இடைநிலை நிறுவனம் எவ்வளவு கழித்துக்கொள்கிறது என்பதை ஒப்பந்தத்தில் முதலில் பாருங்கள். 2005 முதல், 500 டாலருக்கு மேல் விலைபோகும் காருக்கு, கொடுத்தவர் பெரும்பாலும் அது விற்ற தொகையளவுக்கே வரிக்கழிவு கோர முடியும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னர் மனக்கசப்பு வராது.

கேள்வி: 2025இல் நின்றுபோன கூட்டாட்சி நிதியை இசை நிகழ்ச்சிகளால் ஈடுகட்ட முடியுமா?

பதில்: அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றம், நிலையங்களுக்குக் கூட்டாட்சி நிதியைப் பகிர்ந்தளித்த பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது, மிகக் கடுமையான அடி ஊரகத்தின் சிறு நிலையங்களுக்குத்தான். அரங்க வாடகையும் கலைஞர் ஊதியமும் போக இசை நிகழ்ச்சியில் மிஞ்சுவது குறைவு என்பதால், அதை மட்டும் நம்பி அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. நேயர்கள் தங்கள் இசைத்தட்டுகளைக் கொடுத்து, நிலையம் அவற்றை விற்கும் சந்தை இதைவிட மேல். பொருளுக்குச் செலவில்லை, வருகிறவர்களும் இசையை நேசிப்பவர்கள். உயில் வழி வரும் கொடை பல ஆண்டுகள் கழித்தே கைக்கு வரும் என்றாலும், அதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டிய நாள் இன்றுதான்.

கேள்வி: ஒலிபரப்பில் கேட்கவே கேட்காவிட்டால் நேயர்கள் கொடுப்பார்களா?

பதில்: இணையத்தில் இயங்கும் ரேடியோ பாரடைஸ், நிகழ்ச்சிகளைப் பல நாள் நிறுத்தி வைக்காமலேயே நேயர் ஆதரவில் நடக்கிறது. எனினும், தான் நாள்தோறும் கேட்கும் அறிவிப்பாளரின் குரல் கேட்கும்போது நேயர் மனம் இளகுவது போல மின்னஞ்சலுக்கு இளகுவதில்லை. ஆகவே, இலக்குத் தொகையை ஒரு மாதம் முன்பே அறிவித்துவிட்டு, அதில் குறிப்பிட்ட பங்கு சேரும்போதெல்லாம் நிதி திரட்டும் வாரத்திலிருந்து ஒரு நாளைக் குறைத்துவிடுங்கள். குறைத்த நாளில், வழக்கமான நிகழ்ச்சியின் தொடக்கத்தில், “இந்த நேரத்தை நேயர்களே மீட்டுத் தந்தார்கள்” என்று அறிவிப்பாளர் ஒரு வரி சொல்லட்டும்.