தொட்டிக்குத் தகுந்தபடி மீன் வளராது

மீன் தொட்டி பற்றி இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெரிய வாய் மீன்களைப் பற்றியவைதான். ஊருக்கு ஊர் மான்ஸ்டர் மீன் பைத்தியம் பிடித்திருக்கிறது போல.

4 அங்குல ரெட் டெயில் கேட்ஃபிஷ் வாங்கினேன். தொட்டிக்குத் தகுந்தபடிதான் வளரும், 3 அடித் தொட்டி போதும் என்றார் கடைக்காரர். எட்டு மாதத்தில் ஒன்றரை அடி ஆகிவிட்டது, திரும்பவே சிரமப்படுகிறது. என்ன செய்வது? (பாபநாசம்)

அந்த வசனத்தைக் கேட்டு ஏமாறாதவர் எங்கள் வட்டத்தில் யாருமில்லை, நான் உட்பட. அமேசானில் 1 மீட்டரைத் தாண்டி வளர்கிற இனம் இது. சின்னத் தொட்டியில் வளர்ச்சி குறைகிறது என்றால் மீன் இடத்துக்கு ஒத்துப்போகிறது என்று அர்த்தமில்லை. தன் கழிவிலேயே கிடந்து நலிகிறது.

உங்கள் தொட்டி 3 அடிக்கு ஒன்றரை, உயரமும் ஒன்றரை என்றால் 200 லிட்டர்கூட வராது. பெரிதாகப் போகலாம் என்று 4 x 2 x 2 அடிக்கு மாறினால் தண்ணீர் மட்டும் 450 கிலோ. கொள்முதல் நிலையத்துக் கணக்கில் 40 கிலோ நெல் சிப்பம் பதினொன்றை மாடி அறையின் ஒரே மூலையில் அடுக்குகிற மாதிரி. அதுவும் இந்த மீனுக்கு ஒரு வருடம்கூடத் தாங்காது.

கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டலாம் என்பார்கள். டெல்டாவில் எனக்கு அதில் சம்மதமில்லை. கார்த்திகை மழையில் தொட்டி வழிந்தால் மீன் நேராக வாய்க்காலுக்குப் போய்விடும். சுற்றுச்சுவரை ஓர் ஆள் இடுப்பளவு உயர்த்தி, மேலே வலை போட முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவதே மீனுக்கும் உங்களுக்கும் நல்லது.

சில்வர் அரோவானா ராத்திரியில் தொட்டியை விட்டு எகிறிவிட்டது. மூடி இருந்தும் எப்படி? (மன்னார்குடி)

மூடிமேல் கனம் வைத்தீர்களா? வெள்ளக்காட்டில் நீருக்கு மேலிருக்கும் கிளையில் உட்கார்ந்த வண்டை எகிறிப் பிடித்துத் தின்கிற மீன் அது. திடீரென்று லைட்டைப் போட்டாலே போதும், துள்ளும். என் வீட்டிலும் ஒரு முறை நடந்தது. ஃபில்டர் குழாய்க்காக மூடியில் நான்கு விரல் இடைவெளி விட்டிருந்தேன். நடுநிசியில் ஈரத்துணியைத் தரையில் அறைகிற மாதிரிச் சத்தம். கூடத்தில் கிடந்த மீனின் மேல் செதில்களும் தூசியும் ஒட்டியிருந்தன. பிழைத்தது, ஆனால் ஒரு பக்கச் செதில் முளைக்கப் பல வாரம் ஆயிற்று. மூடிமேல் இரண்டு செங்கல் வையுங்கள், இடைவெளியில் வலையை அடையுங்கள். அறை லைட்டைப் போட்டுச் சற்று நேரம் கழித்துத் தொட்டி லைட்டைப் போடுங்கள்.

வாய்க்காலில் பிடித்த கெண்டைக்குஞ்சை ஆஸ்கார் மீனுக்கு உயிரோடு போடலாமா? (திருவாரூர்)

வேண்டாம். வயலுக்கு அடித்த மருந்து எங்கே வடிகிறது என்று யோசியுங்கள். அதோடு ஆங்கர் வோர்ம் மாதிரி ஒட்டுண்ணியும் கூடவே வரும். சரி, கடையில் விற்கும் கோல்ட் ஃபிஷ் என்றால்? அதைத் தொடர்ந்து போட்டால் அதிலுள்ள தையமினேஸ் நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வளர்ந்த ஆஸ்கார் ஒரு அடி இருக்கும்; பெல்லட், இறால் துண்டு, மண்புழு என்று மாற்றிப் போட்டால் போதும், வாரம் ஒரு நாள் பட்டினியும் போடலாம். கண்ணாடியில் முட்டி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். இளகாதீர்கள், அது எப்போதும் அப்படித்தான் பார்க்கும்.

நம்ம ஊர் விராலை வளர்க்க முடியுமா? (கும்பகோணம்)

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தாராளமாக. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றாலும் பதறாது. அதே காரணத்தால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் காற்று இருக்கவேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் மூச்சுத் திணறிச் சாகும். தனியாக வையுங்கள், வாயில் நுழைகிற எதையும் விடாது. 2 அடி தாண்டும் என்பதால் 5 அடித் தொட்டியாவது வேண்டும். இடமில்லையா? குறவை இருக்கிறது, ஒரு அடிக்குள் அடங்கிவிடும். குளத்தில் செம்பழுப்புக் குஞ்சுக் கூட்டம் நகர, அடியில் பெற்ற விரால் காவலாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிக் குஞ்சுக்கூட்டத்தை மட்டும் அள்ளிவராதீர்கள்.

முனிசிபல் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா? (நாகப்பட்டினம்)

ஒரு நாள் வாளியில் வைத்து, ஏர் விட்டு ஊற்றுங்கள். உப்புத் தட்டும் போர் தண்ணீர் வேண்டாம்.

அலிகேட்டர் கார் மீன் 2 அடி ஆகிவிட்டது. யாரும் வாங்கவில்லை. அரசலாற்றில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. 2 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன் அது. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியிலேயே ஒன்று சிக்கியது. யாரோ இதே மாதிரி "பாவம்" பார்த்து விட்டதாகத்தான் இருக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனை ஆற்றில் விட்டதன் பலனைத் தமிழ்நாட்டு மீனவர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள்: முள்ளும் கவசமுமாக வலையைக் கிழிக்கும், சந்தையிலும் விலை போகாது. பக்கத்து மாவட்டத்துத் தொட்டிக்காரர்களையும் விசாரியுங்கள், கடைக்காரர் இலவசமாகவாவது எடுத்துக்கொள்வாரா கேளுங்கள். அதுவரை தண்ணீரை வாரம் மூன்றில் ஒரு பங்கு மாற்றிக்கொண்டிருங்கள்.