கட்சியில் செய்தித் தொடர்பு வேலை பார்த்தவர் மனித உரிமைத் துறைக்கு வர முடியுமா?

முடியும். நானே அப்படி வந்தவன்தான். ஏழு வருஷம் ஒரு கட்சிக்கு, நாலு வருஷம் ஓர் அறக்கட்டளைக்கு, இப்போது கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்காக வாதாடும் ஓர் அமைப்புக்கு எழுதுகிறேன்.

கட்சியில் வேகம் பழகியது. தலைவர் மேடையை விட்டு இறங்குவதற்குள் பிரஸ் நோட் பத்திரிகைகளின் செய்தி டெஸ்க்குக்குப் போயிருக்க வேண்டும். அறக்கட்டளையில் அந்த அவசரம் இல்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் தந்தவர் பேர் போட்ட பேனர் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுப்போம். எனக்கு அது கடைசிவரை மனசுக்கு ஒட்டவில்லை.

மூன்றாவது இடத்தில்தான் எழுதுவதையே புதிதாகப் படித்தேன். சேர்ந்த புதிதில் ஓர் அறிக்கைக்கு 'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி' என்று தலைப்பு வைத்தேன். பேப்பரில் வழக்கமாக வருகிற வரிதான். சம்மதம் வாங்க, இறந்தவரின் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். வாசலில் இறந்தவருடைய செருப்பு கிடந்தது. முழுசும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "அவரா போய் விழலைங்க சார். இறங்கச் சொன்னாங்க, இறங்கினாரு. அதை எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து தலைப்பை மாற்றினேன். பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. 'விஷவாயு தாக்கி' என்று எழுதினால் இறக்கியவர் செய்தியிலேயே இல்லாமல் போகிறார். அன்றிலிருந்து யார் இறக்கினார்கள் என்பதுதான் என் முதல் வரி. பேர் போடலாமா, போட்டோ வேண்டாமா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்யும்.

இன்னொரு விஷயம். 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நான் போன பல வீடுகளில் இது தெரியாது. அதனால் ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறேன், இரண்டாவது பத்தியிலேயே. இடம் போதாவிட்டால் டெஸ்கில் கீழிருந்துதான் வெட்டுவார்கள். கட்சிக்காரனாக இருந்தபோது தெரிந்துகொண்டது அது.