சேட்டிலைட் படத்துல சிவப்பு தெரிஞ்சா படகைத் திரும்பக் கூப்பிடணுமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மூக்கையூர் பக்கத்துல இருந்து எழுதுறேன். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் நாட்டுப்படகுல தென்கடல்ல நண்டு வலை விடுறாங்க. மாசம் 200 ரூபா வாங்கிக்கிட்டு ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப்ல சேட்டிலைட் படம் போடுறார். இந்த ஆவணியில ஒருநாள் எங்க ஊர் மேல ஒரே சிவப்பா காட்டுச்சு. பயந்துபோயி போன் போட்டேன், வலையைப் பாதியில விட்டுட்டு வந்தாங்க, ஒரு சொட்டு மழை இல்ல. அடுத்த வாரம் படம் சுத்தமா இருந்துச்சு, ஆனா நாலரை மணிக்கெல்லாம் மேக்க இருட்டிக்கிட்டு வந்து சூறைக்காத்தும் இடியும். இப்ப நான் கூப்பிட்டா அவங்க நம்ப மாட்டேங்குறாங்க. இந்தப் படத்தை நம்பலாமா? குரூப்புக்குப் பணம் கட்டணுமா?

பதில்: முதல்ல பணத்தைச் சொல்லிடுறேன் தங்கச்சி. ஒரு பைசா கட்டாதீங்க. அந்தப் படம் இந்திய வானிலை ஆய்வு மையத்தோட வெப்சைட்ல எல்லாருக்கும் இலவசமா கிடைக்குது, இஸ்ரோவோட மோஸ்டாக் தளத்துலயும் கிடைக்குது, இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ்னு நம்ம வரிப்பணத்துல மேல போன செயற்கைக்கோள் எடுக்குற படம் அது. அதை டவுன்லோடு பண்ணி மேல தன் பேரை ஒட்டி உங்ககிட்ட மாசாமாசம் காசு வாங்குறாங்க, அதுவும் நாட்டுப்படகுக்காரங்ககிட்ட. மீன்பாடு இல்லாத மாசத்துலயும் பயத்துல கட்டிடுவீங்கன்னு தெரிஞ்சுதான் வாங்குறாங்க.

காசை விட எனக்கு ஆத்திரம் எதுலன்னா, பேர் ஒட்டுறதுக்காக படத்தோட ஓரத்துல இருக்குற எழுத்துப் பட்டையை வெட்டிடுறாங்க. அந்தப் பட்டையிலதான் தேதியும் நேரமும் இருக்கு. அது இல்லாத படம் வந்தா பாக்கவே பாக்காதீங்க, அழிச்சிடுங்க. போன வருஷப் புயல் படம்கூட இன்னைக்குப் படமா சுத்துது. பட்டை இருந்தாலும் இன்னொரு விஷயம், சில படத்துல ஜிஎம்டி, யுடிசின்னு வெளிநாட்டு நேரம் மட்டும்தான் இருக்கும். அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டணும். 0900ன்னு போட்டிருந்தா காலைல ஒம்பது மணி இல்ல, மத்தியானம் ரெண்டரை. காலைப் படம்னு நினைச்சு மத்தியானப் படத்தை ஒதுக்கிட்டவங்களும் உண்டு, விடியக்காலைப் படத்தை நேத்து ராத்திரிப் படம்னு ஒதுக்கிட்டுக் கடலுக்குப் போனவங்களும் உண்டு. நம்ம ஊர் மீனவருக்குப் போடுற படத்துல நம்ம நேரத்தைத் தமிழ்ல பெருசா எழுதுறதுக்கு என்ன செலவாயிடும்னு எனக்கு இன்னும் புரியல.

சரி, சிவப்புக்கு வருவோம். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிக்குது. அங்கிருந்து அது பாக்குறது மேகத்தோட தலையை மட்டும்தான். கூரையை மட்டும் பாத்துட்டு உள்ள அடுப்புல என்ன வேகுதுன்னு சொல்ற மாதிரி. தலை எவ்வளவு குளிர்ந்திருக்குன்னு அளக்கும். இடிமேகம் பதினஞ்சு கிலோமீட்டர் வரைக்கும்கூட ஏறும், அங்க மைனஸ் எழுபது டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும், அந்தக் குளிருக்கு கம்ப்யூட்டர் ஒரு கலர் பூசுது. ஒரு தளத்துல சிவப்பு, இன்னொரு தளத்துல மஞ்சள், இன்னொண்ணுல வெறும் வெள்ளை. ஆக சிவப்புன்னா உயரமான குளிர்ந்த மேகம், அவ்வளவுதான். கீழ மழை பெய்யுதா, காத்து அடிக்குதான்னு அந்தக் கலர் சொல்லாது.

நீங்க முதல்நாள் பாத்த சிவப்பு பெரும்பாலும் செத்த மேகத்தோட தலையா இருந்திருக்கும். எங்கயோ இடிச்சுக் கொட்டி முடிச்ச மேகம், அடிப்பாகம் கரைஞ்சு போயிடும், தலை மட்டும் பாய் விரிச்சாப்புல பரந்து ரெண்டு மூணு மணி நேரம் மிதக்கும். படத்துல அதுதான் ரொம்பப் பெருசா, ரொம்ப பயமா தெரியும். உயிரோட இருக்குற மேகம் சின்னதா, ஓரம் கூரா, வெட்டி எடுத்தாப்புல இருக்கும். ஆடி ஆவணியில நம்ம பக்கம் கீழ கச்சான் காத்து மேக்க இருந்து அடிக்குது, ஆனா பதினாலு பதினஞ்சு கிலோமீட்டர் உயரத்துல காத்து கிழக்க இருந்து மேக்க வேகமா ஓடுது. அதனால மேகத்தோட தலை மேக்க மதுரை, தேனிப் பக்கம் இழுபட்டுப் பரவும், மேகம் என்னவோ கிழக்க நம்ம கடலைப் பாத்து வந்துக்கிட்டிருக்கும். மழுங்கலா பரவியிருக்குற பக்கத்தைப் பாத்து பயப்படாதீங்க, கூரான கிழக்கு ஓரம் எங்க இருக்குன்னு பாருங்க.

ரெண்டாவது நாளு நடந்ததுதான் முக்கியம், ஏன்னா அதுலதான் உயிர் போகும். படம் சுத்தமா இருந்துச்சுன்னு சொல்றீங்க, எத்தனை மணிப் படம்? செயற்கைக்கோள் ஒரு தடவை முழுசா ஸ்கேன் பண்ணி முடிக்கவே கிட்டத்தட்ட இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகும், அப்புறம் அது கீழ வந்து, தளத்துல ஏறி, குரூப்காரர் எடுத்து, உங்க போனுக்கு வர்றதுக்குள்ள முக்கால் மணி நேரம் பழசு. ஒரு இடிமேகம் முளைச்சு, வளர்ந்து, இடிச்சு முடியறதே சில நேரம் ஒரு மணி நேரம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டரை மணிப் படத்துல அருப்புக்கோட்டை மேல ஒரு வெள்ளைப் புள்ளி. மூணு மணிப் படத்துல அது ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, கமுதியைப் பாத்து பதினஞ்சு கிலோமீட்டர் நகந்தும் இருக்கு. அப்படின்னா மணிக்கு முப்பது கிலோமீட்டர். அருப்புக்கோட்டையில இருந்து மூக்கையூர் நேர்கோட்டுல சுமார் அறுபது கிலோமீட்டர், ஆக நாலரைக்கு உங்க ஊர். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு மணிப் படம் உங்க கைக்கு வர்றப்போ மணி மூணே முக்கால். மிச்சம் முக்கால் மணி. அதுலயும் மழைக்கு முன்னாடியே காத்து வந்துடும், பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் முன்னால ஓடி வந்து அடிக்கும், அந்தக் காத்துக்கு மேகம் இல்லாததால படத்துல தெரியாமலே போயிடலாம். உங்க வீட்டுக்காரர் கரையில இருந்து பத்து கிலோமீட்டர்ல இருந்தா, வலையை விட்டுட்டு எஞ்சினைத் தட்டினாலும் கரை சேர ஒரு மணி நேரம் ஆகும். அதனால ரெண்டாவது படம் வந்து உறுதி ஆகட்டும்னு காத்திருக்கவே கூடாது. முதல் புள்ளி தெரிஞ்ச உடனே, அருப்புக்கோட்டை, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருந்தா போன் போட்டு, இடிக்குதான்னு ஒரு வார்த்தை கேளுங்க. இடிக்குதுன்னா கூப்பிட்டுடுங்க. புனேயில இருக்குற ஐஐடிஎம்ங்கிற வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தோட தாமினி செயலியையும் இறக்கி வச்சுக்கங்க, கொஞ்ச நிமிஷத்துக்கு முன்னாடி மின்னல் எங்க விழுந்துச்சுன்னு மேப்ல காட்டும், அது இலவசம். செத்த மேகமா உயிர் உள்ளதான்னு சிவப்பு சொல்லாததை மின்னல் சொல்லிடும்.

மேகத்துக்குள்ள இருக்குற மழையைக் காட்டுற ரேடாரைப் பாக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. மலை மறைக்காத ரேடார்ல நமக்குப் பக்கம் காரைக்கால். ராமேஸ்வரத்துக்கு அது சுமார் 190 கிலோமீட்டர், மூக்கையூருக்கு 250. பூமி வளைஞ்சு போறதால அந்த ரேடார் கதிர் ராமேஸ்வரம் மேல வர்றப்பவே நாலு கிலோமீட்டர் உயரத்துல போகுது, உங்க ஊர் மேல கிட்டத்தட்ட ஆறு. கீழ நடக்குறது எதுவும் அதுக்குத் தெரியாது. திருவனந்தபுரம் ரேடாருக்கு நடுவுல மலை நிக்குது. ராமநாதபுரத்துக்குன்னு தனி ரேடார் அறிவிப்பு வந்தது, அது முழுசா வேலை செஞ்சு அதோட படம் உங்க போன்ல வர்ற நாள்தான் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் மூச்சு வரும். தனுஷ்கோடி 1964ல கடலுக்குள்ள போச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் இந்தக் கரைக்காரங்க காரைக்கால் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கணுமா?

வார்னிங் மெசேஜும் அப்படித்தான். 'ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை'ன்னு வரும். எஸ்.பி.பட்டினத்துல ஆரம்பிச்சு தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் தீவைச் சுத்தி கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் தாண்டி 200 கிலோமீட்டருக்கு மேல கரை இருக்கு, அதுல எந்த ஓரிரு இடம்? விசைப்படகுக்கு, கடலுக்குப் போக மீன்வளத்துறை குடுக்குற டோக்கனை நிறுத்தினா நின்னுடும். வத்தை, வள்ளம் மாதிரி நாட்டுப்படகுக்கு ஊர்ல யாராவது மைக்குல சொன்னாத்தான் உண்டு. இருந்தாலும் வானிலை மையம் போடுற அந்த மூணு மணி நேர முன்னறிவிப்பை விடாம பாருங்க, மஞ்சள் போய் ஆரஞ்சு ஆச்சுன்னா அதுக்கு அர்த்தம் இருக்கு.

இப்ப ஒண்ணு சொல்றேன், இதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கங்க. இதுவரைக்கும் வளர்ற மேகத்தைப் பாருங்க, நகர்ற மேகத்தைப் பாருங்கன்னு சொன்னேன். ஐப்பசி கார்த்திகையில அது அப்படியே மாறும். 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், ஒரே பகல்ல நாப்பது சென்டிமீட்டருக்கு மேல மழை. பாம்பன்ல மூணு மணி நேரத்துல பத்தொம்பது சென்டிமீட்டர். அது புயல் இல்ல, பேர் வச்ச சின்னம் இல்ல. அந்த மாதிரி நாள்ல படத்தைப் பாத்தா தீவு மேல ஒரு கெட்டி மேகம், அரை மணி கழிச்சுப் பாத்தா அதே இடம், அதே அளவு, இன்னும் அரை மணி கழிச்சும் அதே. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? வளரலையே, நகரலையே, இதோ கரைஞ்சிடும்னு. அது ஒரே ஒரு மேகம் இல்ல. கடல்ல இருந்து ஈரக்காத்து வந்து ஒரே இடத்துல முட்டி ஏறுது, ஒரு மேகம் கொட்டி முடிக்கிறதுக்குள்ள அதே இடத்துல அடுத்தது முளைக்குது, அது முடியறதுக்குள்ள அதுக்கடுத்தது. மேல இருந்து பாக்குற கண்ணுக்கு எல்லாத் தலையும் ஒட்டி ஒரே மேகமா, அசையாம நிக்கிற மாதிரி தெரியும். கீழ இருக்குறவங்களுக்கு எல்லா மேகமும் ஒரே ஊர்ல கொட்டுது. அதனால வாடைக் காலத்துல மூணு படம் தொடர்ந்து ஒரே இடத்துல கெட்டியா குளிர்ந்த மேகம் நின்னா, அதைச் சும்மா இருக்குன்னு எடுத்துக்காதீங்க, அதுதான் மோசமானது. கடல்ல இருக்குறவங்களை மட்டும் இல்ல, பள்ளத்துல வீடு இருக்குறவங்களையும் எழுப்புங்க. இந்த மேகம் ராத்திரியில, விடியக்காலையில கடல் மேலயே கட்டும், அப்ப வெளிச்சத்துல எடுக்குற படம் இருக்காது, மேகத்தோட குளிரை அளக்குற வெப்பப் படம் ஒண்ணுதான் துணை. அதுல கலரை விட்டுட்டு, இடம் மாறுதா இல்லையான்னு மட்டும் பாருங்க.

காத்து, மழைன்னு கலர் கலரா ஓடுற செயலிகளைப் பத்தி ஒரு வார்த்தை. அதுல ஓடுறது பெரும்பாலும் கம்ப்யூட்டர் போட்ட முன்கணிப்பு. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சேட்டிலைட் படம்னு அனுப்புறாங்க. நாளைக்குத் தேதி போட்ட சேட்டிலைட் படம்னு ஒண்ணு கிடையவே கிடையாது, வந்தா அது பொய்.

இடி கேட்டா, மின்னல் தெரிஞ்சதுல இருந்து எண்ணுங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுறதுக்குள்ள சத்தம் வந்தா மேகம் பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு, அதுக்கப்புறம் படமும் வேணாம் செயலியும் வேணாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகுறவரைக்கும் திரும்பக் கடலுக்கு இறங்கக் கூடாது, மழை நின்னிருந்தாலும்.

அவங்க நம்பலைன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. கடலுக்குப் போன பிறகு கூப்பிட்டு வாதாடாதீங்க, பாதி நேரம் டவரும் இருக்காது. போறதுக்கு முன்னாடியே கரையில வச்சு முடிவு பண்ணுங்க: காலை முன்னறிவிப்புல ஆரஞ்சு இருந்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு வலை எப்படி இருந்தாலும் திரும்பணும். மத்த நாள்ல டவர் இருக்குற தூரத்துக்குள்ள வலை விடணும், நீங்க மூணு தடவை மிஸ்டு கால் குடுத்தா காரணம் கேக்காம வந்துடணும். வெறும் சிவப்பு கலருக்கு நீங்க மிஸ்டு கால் குடுக்கக் கூடாது, மின்னலோ, உள்ளூர்ல இருந்து இடிக்குதுன்னு போனோ வந்தா மட்டும் குடுக்கணும்.