மோல்மேன் பாலம் வருவதற்கு முன் ரங்கூன் ரயில் எப்படி ஆற்றைக் கடந்தது?

கடக்கவே இல்லை என்பதுதான் பதில். ரங்கூனிலிருந்து வரும் தண்டவாளம், ஆற்றின் இக்கரையில் உள்ள மர்த்தபான் ஊரோடு நின்றுவிடும். மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, படகேறி, சால்வீன் ஆறு கடலில் கலக்கும் அகன்ற முகத்துவாரத்தைத் தாண்டினால்தான் தென்கிழக்கு பர்மாவின் மோல்மேன் நகரம். அங்கிருந்து தெற்கே யே ஊருக்குப் போகும் ரயில் பாதை தனி. இரண்டு பாதைகளும் பல பத்தாண்டுகள் எதிரெதிர்க் கரைகளில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே கிடந்தன. எங்கள் வீட்டில் பெரியவர்கள் "அக்கரைக்குப் போறேன்" என்றால், அன்று பாதி நாள் படகுத்துறையில்தான் என்று அர்த்தம்.

பாலம் திறந்தது 2005 பிப்ரவரியில். சுமார் 3.5 கிலோமீட்டர் நீளம். ரயிலும் போகும், சாலை வண்டிகளும் போகும். வண்டிகளுக்குச் சுங்கம் உண்டு. பர்மாவில் பெரிய பாலம் என்றாலே பக்கத்தில் ஒரு கேட் இருக்கும், அதில் ஆச்சரியமில்லை.

இதைவிடச் சுவையான கதை பக்கத்துப் பாலத்துடையது. மோல்மேனிலிருந்து பீலு தீவுக்குப் போகும் அந்தப் பாலம் 2017-இல் திறக்கப்பட்டது. அதற்குப் பர்மிய இனத்தவரான விடுதலைத் தலைவர் ஜெனரல் ஆங் சான் பெயரைச் சூட்டியதும், "எங்கள் மண்ணுக்கு எங்கள் பெயர் எங்கே" என்று அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மோன் மக்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். அந்த ஏப்ரல் இடைத்தேர்தலில், தீவு அடங்கிய சவுங்சோன் தொகுதியை, ஆங் சான் மகள் சூச்சியின் ஆளுங்கட்சி இழந்தது. அப்போதும் பெயர் மட்டும் மாறவில்லை.