'மாட்டேன்'னு சொல்ல ஃபின்லாந்துக்காரங்களுக்கும் ஆறு வடிவம் இருக்கு

கேள்வி இதுதான்: "இங்கிலீஷ்ல 'நோ', 'நாட்' மாதிரி மறுத்துச் சொல்ல ஒரே சொல்தான் எல்லா மொழியிலயும் இருக்குமா, இல்ல ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு மாதிரி பண்ணுதா?"

ஒவ்வொரு மாதிரிதாங்க, அதுவும் நாம நினைக்கறதவிட ரொம்பவே வேற வேற மாதிரி. நான் மொழியியல் படிச்சவன் இல்ல, மதுரைப் பக்கத்துக்காரன், இப்ப ஏழு வருஷமா ஃபின்லாந்துல தம்பெரேங்கற ஊர்ல சாஃப்ட்வேர் வேலை. ரெண்டு பெரிய ஏரிக்கு நடுவுல இருக்கற ஊர். இங்க வந்து ஃபின்னிஷ் கத்துக்கப் போன எடத்துலதான் நம்ம 'இல்ல', 'மாட்டேன்' எல்லாம் என்ன மாதிரி சொல்லுங்கறதே எனக்குப் புரிஞ்சுது, அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

சாயங்கால கிளாஸ், மூணாவது வாரமோ நாலாவது வாரமோ. டீச்சர் போர்டுல ஆறு சொல் எழுதினாங்க: என், எத், எய், எம்மெ, எத்தெ, எய்வாத். 'துலே'ன்னா வா. 'மினா என் துலே'ன்னா நான் வரமாட்டேன், 'சினா எத் துலே' நீ வரமாட்ட, 'ஹான் எய் துலே' அவன் வரமாட்டான் (அவளுக்கும் அதே), 'மே எம்மெ துலே' நாங்க வரமாட்டோம், 'தே எத்தெ துலே' நீங்க வரமாட்டீங்க, 'ஹே எய்வாத் துலே' அவங்க வரமாட்டாங்க. கவனிச்சுப் பாருங்க, 'துலே' எங்கயும் மாறல, மாறுறது முன்னாடி இருக்கற சொல்தான். கிளாஸ்ல ஜெர்மன்காரர், பிரேசில்காரங்க எல்லாம் ஒரு மறுப்புக்கு ஆறு வடிவமான்னு பெருமூச்சு விடறாங்க, நான் நோட்டுல அந்த ஆறு சொல்லுக்குப் பக்கத்துல மாட்டேன், மாட்ட, மாட்டான், மாட்டோம், மாட்டீங்க, மாட்டாங்கன்னு எழுதிட்டு அப்படியே உக்காந்திருக்கேன். நம்மகிட்டயும் 'வர' மாறாது, பின்னாடி இருக்கற 'மாட்டு'தான் ஆளுக்கு ஆள் மாறும். முன்ன பின்ன வரிசைதான் வேற, வேலை ஒண்ணுதான். அடுத்து டீச்சர் 'எத்கொ துலே?'ன்னு எழுதினாங்க, 'கொ'ன்னா கேள்விக்கு ஒட்டுற நம்ம 'ஆ', அதாவது 'வரமாட்டியா?' அதுக்குப் பதில் 'என்.' அவ்ளோதான். 'மாட்டேன்.' பதிலுக்குத் தனியா 'நோ'ன்னு ஒரு சொல் அங்க தேவைப்படல.

இந்த மாதிரி மறுப்பையே ஒரு வினைச்சொல்லா வெச்சிருக்கற மொழிங்க உலகத்துல கம்மி. மேத்யூ டிரையர்ங்கற மொழியியலாளர் 1157 மொழிய எடுத்து மறுப்ப எப்படி சொல்றாங்கன்னு வகை பிரிச்சிருக்கார், அதுல 502 மொழி 'நாட்' மாதிரி மாறாத தனிச்சொல் வெக்கிற மொழி, 395 மொழி வினையிலயே ஒரு ஒட்டு சேர்க்கற மொழி (துருக்கில 'கெல்தி' வந்தான், 'கெல்மெதி' வரல, நடுவுல ஒரு 'மெ'), மறுப்புக்குத் துணைவினை வெக்கிறதுன்னு தெளிவா தெரியறது வெறும் 47தான்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். இதப் பார்த்துட்டு ஃபின்னிஷும் தமிழும் ஒரே குடும்பம்னு தயவுசெஞ்சு எழுதிடாதீங்க. கால்டுவெல் காலத்துல அப்படி ஒரு யோசனை இருந்துச்சு, இன்னிக்கு மொழியியல்காரங்க அத ஏத்துக்கறதில்ல. சொந்தமே இல்லாத ரெண்டு மொழி தனித்தனியா ஒரே வழியக் கண்டுபிடிச்சிருக்குங்கறதுதான் எனக்கு இதவிடப் பெரிய ஆச்சரியமா தெரியுது.

சரி, 'மாட்டேன்' ஆளுக்கு ஆள் மாறுது, 'இல்ல' ஏன் மாறல? நான் வரல, நீ வரல, அவங்க வரல, எல்லாத்துக்கும் ஒரே 'ல'. இதுக்கு பதில் எஸ்தோனியாவுல இருக்கு. ஹெல்சிங்கிலேர்ந்து கப்பல்ல ரெண்டு மணி நேரம், எஸ்தோனியன் ஃபின்னிஷுக்குத் தங்கச்சி மொழி. அங்க போனா 'மா எய் துலே, சா எய் துலே, தா எய் துலே', எல்லாருக்கும் ஒரே 'எய்'. ஒரு காலத்துல அதுவும் ஃபின்னிஷ் மாதிரி மாறிட்டிருந்த சொல்தான், காலப்போக்குல ஒரே வடிவத்துல உறைஞ்சு போச்சு. நம்ம 'இல்லை'யும் அப்படித்தான். பழைய தமிழ்ல இலேன், இலன், இலள், இலர், இன்று, 'இல'ன்னு ஆளுக்கு ஆள் மாறும், குறள்ல 'இலர்பலர் ஆகிய காரணம்'னு வர்றது அந்த 'இலர்'தான். 'அல்ல'வும் அதே கதை, அல்லேன், அல்லன், அல்லள், அல்லர், அன்று. ஸ்கூல்ல 'அது அன்று, அவை அல்ல'ன்னு தமிழய்யா திருத்தினப்ப எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுத்துறாருன்னு இருந்துச்சு, அது ஒரு முழு வினையோட மிச்சம்னு அப்பவே யாராவது சொல்லியிருந்தா நான் சந்தோஷமா படிச்சிருப்பேன். மலையாளத்துல இன்னிக்கும் பேச்சுலயே 'இல்லா'வும் 'அல்லா'வும் பிரிச்சுத்தான் பேசறாங்க, இது பொஸ்தகம் இல்லன்னு நாம சொல்ற எடத்துல அவங்க 'அல்லா'ன்னுதான் சொல்வாங்க. நாம ரெண்டையும் 'இல்ல'ன்னே ஆக்கிட்டோம்.

இதவிட ஆழமான ஒண்ணு பழைய தமிழ்ல இருக்கு, எனக்கு உலகத்துலயே ரொம்பப் பிடிச்ச மறுப்பு அதுதான். உண்டேன், உண்கிறேன், உண்பேன், நடுவுல காலம் காட்டுற துண்டு இருக்கா? அதத் தூக்கிட்டா 'உண்ணேன்'. அதுக்கு அர்த்தம் சாப்பிடமாட்டேன்! அதாவது மறுப்புக்குன்னு காதுல விழற மாதிரி எதுவும் சேர்க்கல, நேத்து நடந்துச்சு, இன்னிக்கு நடக்குது, நாளைக்கு நடக்கும்னு சொல்ற பாகத்த எடுத்துட்டாங்க, எந்தக் காலத்துலயும் நடக்காததுதான இல்லாதது. நம்ம இலக்கணக்காரங்க இதுக்கு 'எதிர்மறை ஆகார இடைநிலை புணர்ந்து கெட்டது'ன்னு விளக்கம் வெச்சாங்க, அதாவது மறுப்பு காட்டுற ஒரு 'ஆ' நடுவுல இருந்து, சேரும்போது மறைஞ்சுபோச்சுன்னு, பகுபத உறுப்பிலக்கணத்துல மனப்பாடம் பண்ணி எழுதினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கால்டுவெல் 1856ல வந்த தன்னோட ஒப்பிலக்கணத்துல, காலம் காட்டுற உறுப்பே இல்லாம வினையடில நேரா விகுதி ஒட்டுறதத்தான் எடுத்துச் சொன்னார். தெலுங்குல இது இன்னும் உயிரோட இருக்கு. என் டீம்ல ஒரு குண்டூர்க்காரர், லஞ்சுக்குக் கூப்பிட்டா 'நேனு ரானு'ம்பார், நான் வரமாட்டேன். நம்ம பழைய 'வாரான்'னாலும் வரமாட்டான்னுதான் அர்த்தம், ஆனா இன்னிக்கு எங்க ஊர்ப் பக்கம் 'அந்தா வாரான் பாரு'ன்னா வந்துட்டே இருக்கான்! கேக்க ஒரே மாதிரி, அர்த்தம் நேர் எதிர். நம்ம பேச்சுல அந்தப் பழைய மறுப்பு ஒளிஞ்சிருக்கறது அஃறிணைலதான், 'அவன் வரமாட்டான்'னு சொல்ற நாம 'பஸ் வராது'ன்னுதான் சொல்றோம், தெரியாது, முடியாது, கூடாது, ஏலாது எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

பிரெஞ்சு கதைய விடவே முடியாது. இன்னிக்கு பிரெஞ்சுல மறுப்புச் சொல் 'பா'. அதுக்கு மூல அர்த்தம் என்னன்னா 'காலடி'. ஆதில 'ந'ங்கறது மட்டும்தான் மறுப்பு. அது ரொம்பச் சின்ன சத்தம், பேச்சுல அமுங்கிப்போகும், அதனால அழுத்தத்துக்கு நடக்கறதோட ஒரு அடி, குடிக்கறதோட ஒரு சொட்டு, சாப்பிடறதோட ஒரு துணுக்குன்னு சேர்த்துப் பேசினாங்க. நாம 'ஒரு அடி கூட நடக்கல', 'ஒரு சொட்டு குடிக்கல', 'ஒரு பருக்கை சாப்பிடல', 'ஒரு மண்ணும் தெரியாது'ங்கறோமே அதேதான். அப்புறம் அந்த அடி மட்டும் எல்லா வினையோடயும் ஒட்டிக்கிச்சு, நடையே சம்பந்தப்படாத விஷயத்துக்கும் 'ந... பா'ன்னு ரெண்டு பக்கமும் கட்டியாச்சு. இப்ப பேச்சுல முன்னாடி இருக்கற அசல் மறுப்பையே விட்டுட்டாங்க, 'ஷே பா'ன்னா தெரியாது, அதுல மிஞ்சினது அந்தக் காலடி மட்டும்தான். மறுப்பே இல்லாத ஒரு சொல் பக்கத்துல நின்னு நின்னே மறுப்பாயிடுச்சு. இது பல மொழில சுத்திச் சுத்தி நடக்குதுன்னு டென்மார்க்க சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் 1917ல காட்டினார். இங்கிலீஷ் 'நாட்'டே ஒரு காலத்துல 'ஒரு பொருளும் இல்ல'ங்கற அர்த்தத்துல இருந்த சொல் தேய்ஞ்சு வந்ததுதான். நாளைக்கே நாம 'ல'வ விட்டுட்டு 'மண்ணு'ன்னு மட்டும் சொன்னா மறுப்புன்னு புரிஞ்சுக்கற காலம் வரலாம், நடக்காதுன்னு சொல்ல எனக்கு தைரியம் இல்ல.

சீனத்துல ரெண்டு சொல், 'வோ பு சு'ன்னா நான் போகமாட்டேன், 'வோ மெய் சு'ன்னா நான் போகல. இது தமிழ்க்காரனுக்கு அஞ்சு நிமிஷத்துல புரியும். கொரியன்ல 'அன்'னா செய்யல, 'மோத்'னா செய்ய முடியல, அதோட 'தெரியாது'க்குன்னே தனி வினை இருக்கு, சீரியல்ல 'மொல்லா மொல்லா'ன்னு கத்துவாங்களே அதான். ரஷ்யன்ல 'யாரும் எதுவும் சொல்லல'ன்னா யாரும், எதுவும், சொல்லல மூணுலயும் மறுப்புச் சத்தம் இருக்கும், மூணும் சேர்ந்து ஒரே மறுப்பு. கணக்குப் பாடம் மாதிரி ரெண்டு மைனஸ் பிளஸ்னு மொழில பாக்கக்கூடாது. அயர்லாந்து மொழில ஆமாவும் கிடையாது நோவும் கிடையாது, 'புரியுதா'ன்னா 'புரியுது', 'புரியல' அவ்ளோதான், நம்ம வீட்டுல பேசறதும் பாதி நேரம் அப்படித்தான இருக்கு.

இதுல எனக்கு உள்ளூர ஒரு வருத்தம் இருக்கு. நோன்னா 'இல்லை'ன்னு நமக்குச் சின்ன வயசுல சொல்லிக்குடுத்தாங்க, இப்ப வெளிநாட்டுல நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கறப்பவும் அதையேதான் செய்யறோம். டீ குடிக்கிறீங்களா, வேண்டாம். பேனா இருக்கா, இல்ல. நாளைக்கு வருவியா, மாட்டேன். நீச்சல் தெரியுமா, தெரியாது. உள்ள போலாமா, கூடாது. இதெல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல ஒரே நோ போதும், தமிழ்ல ஒண்ணு இருக்கற எடத்துல இன்னொண்ணு உக்காராது. ஒரு ஆளோட விருப்பமா, சக்தியா, பொருள் கைல இல்லையா, ஊர் விடாத விஷயமான்னு மறுக்கும்போதே நம்ம மொழி பிரிச்சுச் சொல்லிடுது. இத ஒரே 'இல்லை'க்குள்ள அடைச்சுக் குடுத்தா பிள்ளைக்குத் தமிழ் எப்படி நாக்குல உக்காரும்?

என் பொண்ணுக்கு நாலு வயசு. பகல் முழுக்க பைவகோதில (இங்க பால்வாடிக்கு அதான் பேரு) ஃபின்னிஷ்தான். போன வருஷம் வீட்டுல திடீர்னு 'நான் மாட்டேன் வர'ன்னு சொல்ல ஆரம்பிச்சா, 'மாட்டேன் சாப்பிட', 'மாட்டேன் தூங்க'. முதல்ல ஏதோ மழலைன்னு விட்டுட்டேன், ரெண்டு நாள் கழிச்சுத்தான் பொறி தட்டுச்சு, 'என் துலே'ய அப்படியே தமிழ்ல வெச்சு சொல்றா! இங்க மாட்டேன் முன்னாடி, வினை பின்னாடி. வீடியோ கால்ல எங்கம்மா, "சாமி, அப்படி இல்லடா, வரமாட்டேன்னு சொல்லணும், எங்க, அப்பத்தாவுக்கு ஒருக்கா சொல்லிக் காட்டு"ன்னு கெஞ்சறாங்க, இவ "மாட்டேன் சொல்ல"ங்கறா. அம்மா சிரிச்சாங்க, ஆனா போன வெச்ச அப்புறம் தனியா எனக்கு அடிச்சு, "ஏம்ப்பா, பிள்ளைக்கு நம்ம பேச்சு வந்துருமா?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

நான் திருத்தறத விட்டுட்டேன், அதுக்குப் பதிலா அவ கேக்கற மாதிரி நெறைய பேசினேன். குறிப்பா 'மாட்டேங்குது'. இதுக்கு ஈடா ஒண்ணு ஃபின்னிஷ்ல எனக்கு இதுவரை கெடைக்கல. வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது, மூடி தெறக்கமாட்டேங்குது, தலைவலி போகமாட்டேங்குது. பிரிச்சுப் பாருங்க, 'மாட்டேன் என்கிறது'. உயிரில்லாத வண்டி வாயத் தெறந்து 'நான் மாட்டேன்'னு சொல்லுதுன்னு நாம தெனம் பேசிட்டிருக்கோம், அப்படிப் பேசறோம்னே தெரியாம.

போன பிப்ரவரி, மைனஸ் 18, காலைல ஏழரை மணிக்கு இன்னும் நல்லா வெளிச்சம் கூட வரல. ஹாலரின்னு ஒரு தடிச்ச குளிர் உடுப்பு, கால்லேர்ந்து கழுத்து வரைக்கும் ஒரே துணி, அத மாட்டிட்டு வாசல்ல நின்னு ஜிப்போட மல்லுக்கட்டிட்டிருந்தா, நான் ஷூ லேஸ் கட்டிட்டிருக்கேன். "அப்பா, ஜிப்பு மேல வரமாட்டேங்குது."

நான் கட்டுன லேஸ அப்படியே விட்டுட்டு, "என்ன சொன்ன, இன்னொரு தடவ சொல்லு"ன்னேன். "ஜிப்பு வரமாட்டேங்குதுப்பா, இழு." இழுத்து விட்டேன், எட்டாம் நம்பர் பஸ் போயிடுச்சு, அடுத்த பஸ்ல அவள மடில வெச்சுக்கிட்டு அத மறுபடி சொல்லச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.