புதிய மின்ரயில் திட்ட அறிக்கையில் நடைமேடை எதற்கு?

மோட்டார், இருக்கை, விலை எல்லாம் எழுதியும் "நடைமேடை எங்கே?" என்று உங்கள் வழிகாட்டி, அறிக்கையைத் திருப்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அவர் கேட்டது மிகச் சரி. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து மின்ரயில் சேவையான மெர்சிரெயிலைப் பாருங்கள். 1970களின் கடைசியில் வந்த ரயில்களுக்குப் பதிலாக ரயில் தயாரிக்கும் ஸ்டாட்லர் நிறுவனத்திடம் 52 புதிய ரயில்கள் வாங்க 2016 டிசம்பரில் முடிவானது. 46 கோடி பவுண்டு திட்டம். நடைமேடை, மின்வழங்கல், பணிமனை வேலைகளும் அதில் அடக்கம்.

ஏன் தெரியுமா? ரயில் நின்றதும் கதவுக்கடியிலிருந்து ஒரு படி நீண்டு வந்து இடைவெளியை அடைக்கும். சக்கர நாற்காலியில் வருபவர் யார் துணையும் இல்லாமல் ஏறலாம். ஆனால் நடைமேடையின் உயரமும் தண்டவாளத்திலிருந்து அதன் தூரமும் நிலையத்துக்கு நிலையம் மாறினால் அந்தப் படியால் என்ன பயன்? ஆகவே, ரயிலின் தரை உயரத்தை முடிவு செய்யும் முன்பே எல்லா நடைமேடைகளையும் அளக்க வேண்டும் என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால், அறிக்கையே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்புறம் மின்சாரம். அங்கே மேலே கம்பி இல்லை; பாதையோரம் மின்சாரத்துக்கென்றே போட்ட மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்னோட்டம் (DC). 2023-இல் திறந்த ஹெட்போல்ட் லேன் நிலையம் வரை அந்தத் தண்டவாளம் நீளவில்லை. கடைசித் துண்டை ரயில் பேட்டரியில் ஓடிக் கடக்கிறது.

நிதிப் பகுதியில் ஒன்று சேருங்கள்: பிரிட்டனில் ரயில்களைக் குத்தகைக்கு எடுப்பதே வழக்கம், ஆனால் மெர்சிரெயிலின் இந்தப் புதிய ரயில்களை லிவர்பூல் வட்டார நிர்வாகமே சொந்தமாக வாங்கியது.