தொடர் கொலைகாரர்கள் பைத்தியங்களா? ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்?

பெரும்பாலானவர்கள் பைத்தியம் இல்லை. பல வருடம் அகப்படாமல் இருப்பவனுக்குத் தான் செய்வது குற்றம் என்று நன்றாகத் தெரியும். தெரிவதால்தான் ஒளிக்கிறான்.

2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம், அதாவது உடம்பில் கிறீஸ் பூசிய ஆள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறான் என்ற பீதி, இலங்கை மலையகத்தில் நம் தேயிலைத் தோட்டங்களுக்குள் வந்தது நினைவிருக்கும். பொல்லும் டோர்ச்சுமாக ராத்திரி முழுக்கக் காவல். தேடியதெல்லாம் வெளியாளைத்தான், தெரியாத முகம் என்றாலே அடி. ஆனால் அமெரிக்காவின் டெனிஸ் ரேடரைப் பாருங்கள். 1974க்கும் 1991க்கும் இடையில் 10 பேரைக் கொன்றவன். அந்தக் காலத்தில் அவன் பார்த்த வேலைகளில் ஒன்று, வீடுகளுக்குத் திருட்டு அலாரம் பூட்டுவது! 2005இல் பிடிபட்டபோது தேவாலய நிர்வாக சபைத் தலைவர். அயலவர்களுக்கு நம்பவே முடியவில்லை.

1970களின் கடைசியில் ரொபர்ட் ரெஸ்லர், ஜோன் டக்ளஸ் என்ற எஃப்பிஐ (அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறை) அதிகாரிகள் சிறைகளுக்குப் போய் இப்படிப்பட்டவர்களிடம் நேரில் பேசத் தொடங்கினார்கள். பலரிடம் கண்டது ஒன்று: முதல் கொலைக்குப் பல வருடம் முன்பே மனதுக்குள் அதை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் இன்னொரு உயிர் தன் கைக்குள் அடங்கிக் கிடக்கும் கற்பனை. நிஜத்தில் செய்தால் கற்பனை அளவுக்கு இருப்பதில்லை. கொஞ்ச நாள் அடங்கும், பிறகு அடுத்த தடவை சரியாகச் செய்யலாம் என்று தோன்றும். உப்புத் தண்ணீர் குடித்துத் தாகம் தீர்க்கப் பார்ப்பதுபோல.

சிறுவயதுக் கொடுமைதான் காரணம் என்பதை நான் பாதிதான் ஏற்பேன். அவர்களில் பலர் அடிபட்டு வளர்ந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் குடித்த அப்பாவிடம் அடிவாங்கி, தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்த எத்தனையோ பேர் இன்று டீச்சராக, டிரைவராக, நல்ல தகப்பனாக இருக்கிறார்கள். சிலரிடம் காரணமே தெரியவருவதில்லை. இங்கிலாந்து டொக்டர் ஹரோல்ட் ஷிப்மன் ஏறத்தாழ 215 நோயாளிகளைக் கொன்றதாக விசாரணையில் முடிவானது. ஏன் என்று கடைசிவரை சொல்லாமலே 2004இல் சிறையில் தூக்குப் போட்டுத் தற்கொலை செய்துகொண்டார்.

காரணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. 2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்ட அமெரிக்காவின் கேரி ரிட்ஜ்வே அதை வெளிப்படையாகவே சொன்னான்: பாலியல் தொழில் செய்த பெண்களைக் கொன்றால் காணவில்லை என்று உடனே யாரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள். கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பிள்ளை போன் எடுக்காமல் போனால், “யாரோடாவது ஓடியிருப்பாள்” என்று பொலிஸில் சொல்வார்கள். அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். முறைப்பாட்டை எழுதச் சொல்லி, அதன் இலக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.